முகம் பார்த்துப் பேசுவோம்: காணொளி அழைப்பு – ஒரு தொடக்கப் பாடம்



பிள்ளைகள் வெளியூர் சென்றுவிட்ட வீடுகள் இன்று தோட்டங்களில் பல உள்ளன. மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். மகள் சபாவில் பல்கலைக்கழகத்தில் பயில்கிறாள். பேரக்குழந்தை கோலாலம்பூரில் அடுக்குமாடி வீடொன்றில் வளர்கிறது. லயத்தில் எஞ்சியிருப்போர் முதிய பெற்றோர். அதே தோட்டத்தில் நம்மோடு பால்மரம் வெட்டும் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்களோ தங்கள் குழந்தைகளின் முகத்தை நேரில் கண்டு ஆண்டுகள் சில கடந்திருக்கும்.

இவர்கள் அனைவர்க்கும் பயன்படக்கூடியது காணொளி அழைப்பு. எனினும், கைப்பேசி கையில் இருந்தும் அதனைப் பயன்படுத்தத் தயங்குவோர் உளர். “ஏதேனும் ஒரு பொத்தானைத் தவறாக அழுத்தினால் பணம் போய்விடுமோ?” என்பது அவர்களது அச்சம். அந்த அச்சம் முற்றிலும் ஆதாரமற்றது அன்று. ஆயினும் எது ஆபத்து, எது ஆபத்தன்று என்பதை அறிந்துகொண்டால் தயக்கத்திற்கு இடமிராது. அதனை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

கருவி வந்த வரலாறு

முகம் பார்த்துப் பேசும் தொலைபேசி புதிய கனவு அன்று. 1964ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சியில் ‘பிக்சர்போன்’ என்னும் படத் தொலைபேசி மக்களுக்குக் காட்டப்பட்டது. 1970ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் அது விற்பனைச் சேவையாகத் தொடங்கியது. மாதக் கட்டணம் ஏறக்குறைய 160 டாலர். ஆனால் அது நிலைக்கவில்லை. விலை அதிகம் என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் இன்னும் முக்கியமானது: பெருஞ்செலவு செய்து ஒருவர் அக்கருவியை வாங்கினாலும், அவர் பேச விரும்பிய உறவினரிடமும் நண்பரிடமும் அது இல்லை.

பின்னர் இணையம் வந்தது. 2003ஆம் ஆண்டு தோன்றிய ‘ஸ்கைப்’ 2006ஆம் ஆண்டு முதல் காணொளி அழைப்பையும் வழங்கியது. கோடிக்கணக்கானோர் அதனைப் பயன்படுத்தினர். அந்த ஸ்கைப்பும் 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் மூடப்பட்டுவிட்டது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கற்க வேண்டியவை இரண்டு. முதலாவது, நாம் பேச விரும்புவோரிடம் எந்தச் செயலி இருக்கிறதோ அதுவே நமக்கும் ஏற்றது. இரண்டாவது, எந்தச் செயலியும் நிலையானதன்று. ஆகவே பொத்தான் இருக்கும் இடத்தை மட்டும் மனனம் செய்யாமல், முறையை விளங்கிக்கொள்ள வேண்டும். முறை தெரிந்தவர் எந்தச் செயலிக்கும் எளிதில் மாறிக்கொள்வார்.

இஃது எவ்வாறு இயங்குகிறது?

கைப்பேசியிலுள்ள படக்கருவி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 15 முதல் 30 படங்கள் வரை எடுக்கிறது. அத்தனை படங்களையும் முழுமையாக அனுப்புவதாயின் எந்த இணையமும் தாங்காது. ஆகவே கைப்பேசி ஓர் உத்தியைக் கையாளுகிறது. முதற்படத்தை முழுமையாக அனுப்பிவிட்டு, பிறகு அதில் மாறிய பகுதிகளை மட்டும் பெரும்பாலும் அனுப்புகிறது. நீங்கள் அசையாமல் அமர்ந்து பேசினால் மாறுவது உதடும் கண்ணுமே. அனுப்ப வேண்டியது சிறிதளவே. கைப்பேசியை ஆட்டிக்கொண்டு நடந்தால் படம் முழுவதும் மாறுகிறது. அனுப்ப வேண்டியது பெருகிவிடுகிறது. அப்போது படம் கலங்குகிறது, அல்லது நின்றுவிடுகிறது. “லைன் சரியில்லை” என்று நாம் குறை கூறும் பல வேளைகளில் காரணம் நமது கை நடுக்கமாகவும் இருக்கக்கூடும்.

தேவையானவை எவை?

முதலாவது, நான்காம் தலைமுறை இணையத்தில் இயங்கும் கைப்பேசி. மலேசியாவில் மூன்றாம் தலைமுறை இணையச் சேவை 2021ஆம் ஆண்டின் இறுதியோடு நிறுத்தப்பட்டுவிட்டது. எனவே, உறவினர் கொடுத்த பழைய கைப்பேசி திரை பளபளப்பாக இருந்தாலும் நான்காம் தலைமுறையை ஏற்காதாயின், வெளியிடத்தில் காணொளி அழைப்புக்குப் பயன்படாது. வைஃபை உள்ள இடத்தில் மட்டுமே உதவும். வாங்குமுன் இதனைக் கேட்டறிக.

இரண்டாவது, இணையத் தொடர்பு. தோட்டங்களில் குன்றுகளும் அடர்ந்த மரங்களும் அலைகளைத் தடுக்கின்றன. லயத்தின் உள்ளறையில் கிட்டாத தொடர்பு, முன்வாசலிலோ மேட்டுப்பாங்கான திடலிலோ கிட்டலாம். உங்கள் வீட்டைச் சுற்றி எந்த இடத்தில் தொடர்பு வலுவாக உள்ளது என்பதை ஒருநாள் மாலை நடந்து பார்த்து அறிந்து வைத்துக்கொள்க.

மூன்றாவது, மின்னேற்றம். காணொளி அழைப்பு மின்கலத்தை விரைவில் தீர்த்துவிடும். பேசுவதற்கு முன் மின்னேற்றி வைத்துக்கொள்வது நல்லது.

எந்தச் செயலியைத் தெரிவு செய்வது?

செயலிகள் பல இருப்பினும் நம் தேவையைக் கொண்டு தெரிவு செய்வது எளிது.

ஒருவரோடு ஒருவர் பேசவும், குடும்பத்தார் சிலர் கூடிப் பேசவும் புலனம் எனப்படும் வாட்ஸ்அப் போதுமானது. 2016ஆம் ஆண்டு இதில் காணொளி அழைப்பு சேர்க்கப்பட்டது. இன்று ஓர் அழைப்பில் 32 பேர் வரை கலந்துகொள்ளலாம். கால வரம்பு கிடையாது. நம் நாட்டில் பெரும்பாலோரிடம் இது ஏற்கெனவே இருப்பதே இதன் முதற்சிறப்பு.

உறவினர் ஐஃபோன் வைத்திருந்து ஃபேஸ்டைம் வழியே அழைப்பதாகக் கூறினால், உங்களிடம் ஆண்ட்ராய்டு கைப்பேசி இருக்குமாயின் நேரடியாக அழைக்க இயலாது. 2021ஆம் ஆண்டு முதல் அவர் ஓர் இணைப்பை அனுப்பினால் அதன்வழி நீங்கள் கலந்துகொள்ளலாம். இருவரும் புலனத்தைப் பயன்படுத்துவது இதைவிட எளிது.

பள்ளிக் கூட்டம், ஆலயக் குழுக் கூட்டம், தொழிற்சங்க வகுப்பு ஆகியவற்றிற்குக் கூகள் மீட் அல்லது ஸூம் பயன்படுகிறது. 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபின் இவ்விரண்டும் பரவலாயின. கட்டணமின்றிப் பயன்படுத்துவோர்க்கு ஸூம் 40 நிமிடமும், மூவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் கூடும் கூகள் மீட் 60 நிமிடமும் வரம்பு விதிக்கின்றன. கூட்டம் நடத்துவோர் இதனை அறிந்து நேரத்தை வகுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரே வேலைக்கு நான்கு செயலிகளைக் கைப்பேசியில் ஏற்றுவது வீண். குடும்பத்திற்கு ஒன்று, கூட்டத்திற்கு ஒன்று என்று இரண்டு போதும்.

முதல் அழைப்பு: படிப்படியாக

1. கைப்பேசியின் அதிகாரபூர்வச் செயலிக் கடையிலிருந்து மட்டுமே செயலியை ஏற்றுக. எவரேனும் குறுஞ்செய்தியில் அனுப்பும் இணைப்பைத் தொட்டு ஏற்றலாகாது.

2. உங்கள் தொலைபேசி எண்ணைப் பதிந்ததும் ஆறு இலக்கக் குறியெண் ஒன்று வரும். அஃது உங்கள் வீட்டுச் சாவியைப் போன்றது. அதனை எவர்க்கும் கூறலாகாது; மகனென்று சொல்லிக் கேட்டாலும் கூறலாகாது.

3. அழைக்க விரும்புவோரின் பெயரைத் தொடுக. மேற்பகுதியில் படக்கருவி போன்ற சிறு சின்னம் தெரியும். அதனைத் தொட்டால் அழைப்புச் செல்லும்.

4. முதன்முறை அழைக்கும்போது படக்கருவியையும் ஒலிவாங்கியையும் பயன்படுத்த அனுமதி உண்டா என்று கைப்பேசி கேட்கும். ‘பெனார்கான்’ அல்லது ‘அலவ்’ என்பதைத் தொடுக. இங்கு அனுமதி மறுத்துவிட்டால் உங்கள் முகமும் குரலும் மறுமுனைக்குச் செல்லா. பலர் தடுமாறுவது இவ்விடத்திலேயே.

5. பேசும்போது திரையில் ஒலிவாங்கிச் சின்னத்தின்மீது கோடு இருந்தால் உங்கள் குரல் அடைக்கப்பட்டுள்ளது என்பது பொருள். மீண்டும் தொட்டால் திறக்கும்.

6. பேசி முடித்ததும் சிவப்புப் பொத்தானைத் தொட்டு அழைப்பை முடிக்கவும். முடித்துவிட்டதை உறுதி செய்த பின்னரே கைப்பேசியை வைக்கவும்.

வீட்டிலுள்ள இளைஞர்களுக்கு ஒரு சொல்: பெரியவர்களுக்குக் கற்பிக்கும்போது கைப்பேசியை நீங்கள் வாங்கிச் செய்து காட்டினால் அவர்கள் கற்கமாட்டார்கள். கைப்பேசி அவர்கள் கையிலேயே இருக்கட்டும். விரல் அவர்களுடையதாகவே இருக்கட்டும். நீங்கள் அருகிலிருந்து சொல்லுங்கள். அடுத்த அறைக்கு அழைத்து மும்முறை பயின்றால் போதும்.

ஒளியும் ஒலியும்

சன்னலுக்கு முதுகைக் காட்டி அமர்ந்தால் முகம் கருத்துத் தெரியும். வெளிச்சம் முகத்தின்மேல் விழுமாறு அமர்க. கைப்பேசியைக் கையில் பிடியாமல் ஒரு டப்பாவின்மேலோ புத்தக அடுக்கின்மேலோ கண்ணின் உயரத்திற்குச் சாய்த்து வைக்கலாம். தொலைக்காட்சி ஒலியைக் குறைக்கவும். எதிரொலி கேட்டால் காதணிபேசியைப் பயன்படுத்துக. இருவரும் ஒரே நேரத்தில் பேசினால் ஒலி வெட்டுப்படும். ஒருவர் முடித்தபின் மற்றவர் பேசுவதே முறை.

வெளிநாட்டிலுள்ளோரை அழைக்குமுன் நேர வேறுபாட்டை எண்ணிப் பார்க்க வேண்டும். நமக்கு இரவு 8 மணி என்றால் தமிழ்நாட்டில் மாலை 5.30, லண்டனில் குளிர்காலமாயின் நண்பகல் 12, கோடைக்காலமாயின் பிற்பகல் 1. விடியற்காலையில் பெரட்டுக்குச் செல்ல வேண்டியவர்கள், தங்கள் உறக்கம் கெடாத நேரத்தைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே அறிவித்துவிடுவது நன்று.

செலவுக் கணக்கு

அழைப்பு இலவசம் என்பர். செயலிக்குக் கட்டணம் இல்லை என்பதே அதன் பொருள், டேட்டா செலவாகும். காணொளி அழைப்பு நிமிடத்திற்கு ஏறக்குறைய 5 முதல் 10 மெகாபைட் வரை எடுக்கும் என்று கொள்வோம். நாள்தோறும் 10 நிமிடம் பேசினால் 50 முதல் 100 மெகாபைட். 30 நாளுக்கு 1.5 முதல் 3 ஜிகாபைட். குரல் மட்டும் பேசும் இணைய அழைப்புக்கு நிமிடத்திற்கு ஒரு மெகாபைட்டோ அதற்குக் குறைவோ போதும். அதே கால அளவுக்கு மாதம் 300 மெகாபைட்டைத் தாண்டாது.

ஆகவே, டாப்-அப் செய்து பயன்படுத்துவோர் முகத்தைப் பார்க்க ஐந்து நிமிடமும் எஞ்சிய பேச்சுக்குக் குரலும் என்று பகிர்ந்துகொள்ளலாம். புலனத்தின் அமைப்புப் பகுதியில், அழைப்புகளுக்குக் குறைந்த டேட்டாவைப் பயன்படுத்தும் வசதியும் உண்டு. எவ்வளவு செலவாயிற்று என்ற கணக்கையும் அங்கேயே காணலாம்.

ஏமாறாதிருக்க

முகத்தைப் பார்த்துவிட்டோம், ஆகவே ஆள் உண்மையானவர் என்று நம்பும் வழக்கம் நம்மிடம் உள்ளது. இன்று அது போதாது. 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஹாங்காங்கில் நிகழ்ந்ததாக வெளிவந்த மோசடி ஒன்றைக் கேளுங்கள். நிறுவனமொன்றின் ஊழியர் காணொளிக் கூட்டத்தில் தம் மேலதிகாரியையும் சக ஊழியர்களையும் கண்டார். அவர்கள் கூறியபடி பணம் அனுப்பினார். இழப்பு 20 கோடி ஹாங்காங் டாலர். திரையில் அவர் கண்ட முகங்கள் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்ட போலிகள்.

நம் நாட்டில், சீருடை அணிந்தவர் திரையில் தோன்றி, “உங்கள் பெயரில் வழக்கு உள்ளது, பணத்தை இந்தக் கணக்கிற்கு மாற்றுங்கள்” என்று மிரட்டுவதுண்டு. உண்மையான போலீசார் காணொளி அழைப்பில் விசாரணை நடத்திப் பணம் கேட்கமாட்டார்கள். சேமநிதிப் பணத்தைக் காப்பதாகக் கூறுவோரையும் நம்பலாகாது. பின்வரும் விதிகளை வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டி வைக்கலாம்:

– அறியாத எண்ணிலிருந்து வரும் காணொளி அழைப்பை எடுக்க வேண்டியதில்லை.

– அழைப்பில் பேசும் எவர் கேட்டாலும் திரையைப் பகிரலாகாது. 2023ஆம் ஆண்டு முதல் புலனத்தில் இவ்வசதி உள்ளது. திரையைப் பகிர்ந்தால் வங்கிச் செய்தியும் குறியெண்ணும் மறுமுனையில் இருப்பவருக்குத் தெரியும்.

– உறவினர் திடீரெனப் பணம் கேட்டால் அழைப்பை முடித்து, நீங்கள் முன்பே அறிந்த எண்ணில் மீண்டும் அழைத்து உறுதி செய்க. குடும்பத்தினர் மட்டுமே அறிந்த மறைமொழி ஒன்றை வைத்துக்கொள்வது நலம்.

– உடையைக் களையச் சொல்வோரும் தகாத காட்சி காட்டுவோரும் அதைப் பதிவு செய்து மிரட்டவே முயல்வர். உடனே துண்டிக்கவும். இளைஞர்கள் இதனைப் பெற்றோரிடம் மறைக்கலாகாது.

ஏமாந்து பணத்தை அனுப்பிவிட்டால், வெட்கப்பட்டு வாளாவிருத்தல் கூடாது. உடனே 997 என்ற எண்ணுக்கு அழைத்துத் தேசிய மோசடி எதிர்ப்பு மையத்திடம் தெரிவியுங்கள். போலீசில் புகார் செய்யுங்கள். பணம் பல கணக்குகளுக்குக் கைமாறுமுன் தடுத்து நிறுத்த விரைவு ஒன்றே வழி. விபத்து, தீ போன்ற அவசரத்திற்குச் செயலியை நாடாமல் 999 எண்ணையே அழைக்க வேண்டும் என்பதையும் நினைவிற்கொள்க.

பயிற்சி வினாக்கள்

1. பிட்ஸ்பர்க் நகரில் படத் தொலைபேசி நிலைக்காததற்குரிய காரணங்கள் இரண்டைக் கூறுக.

2. நடந்துகொண்டே பேசினால் படம் கலங்குவது ஏன்?

3. கிழமைக்கு மூன்று நாள், நாளொன்றுக்கு 20 நிமிடம் காணொளியில் பேசும் குடும்பத்திற்கு நான்கு கிழமைக்கு எவ்வளவு டேட்டா செலவாகும்? நிமிடத்திற்கு 10 மெகாபைட் எனக் கொள்க.

4. உங்கள் மகனின் முகமே திரையில் தோன்றிப் பணம் கேட்டால் நீங்கள் முதலில் செய்ய வேண்டியது என்ன?

மூன்றாம் வினாவிற்கு விடை: 2,400 மெகாபைட், அதாவது ஏறக்குறைய 2.4 ஜிகாபைட். நான்காம் வினாவிற்குரிய விடையை இன்றிரவே குடும்பத்தார் அனைவரும் கூடிப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.