ஊருக்கு ஏற்ற முதலுதவி

அன்புள்ள கண்ணா,

முதலுதவி சொல்லித்தரும் இலவச ஆப் ஒன்று பார்த்துச் சொல்லும்படி கேட்டிருந்தாய். செஞ்சிலுவைச் சங்கத்தின் செயலியைப் போட்டுக்கொள். போட்டதும் போனை ஏரோப்ளேன் மோடில் வைத்துத் திறந்து பார். அப்போதும் பக்கங்கள் வர வேண்டும். ஸ்ரீரங்கத்து வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்திலும் முக்கொம்பு மணலிலும் சிக்னலை நம்ப முடியாது.

அது எந்த நாட்டுக்காரர்களுக்காக எழுதப்பட்டது என்பதையும் பார்த்துவிடு. அமெரிக்கச் செயலி 911-ஐக் கூப்பிடச் சொல்லும், நமக்கு 108. எண்ணை மாற்றிக்கொள்வது எளிது. பாம்புக்கடி விஷயம் அப்படியல்ல. பாம்பு கடித்த கை, கால் முழுவதையும் அழுத்தமாகத் துணி சுற்றிக் கட்டு என்பார்கள் ஆஸ்திரேலியாவில். அங்கே அது சரி. அங்குள்ள கொடிய பாம்புகள் நம் நல்ல பாம்பின் குடும்பம். நம் வயல் வரப்பிலோ நல்ல பாம்பு, கட்டுவிரியனோடு கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் உண்டு. கடைசி இரண்டின் நஞ்சு கடிபட்ட இடத்துச் சதையையே அழித்துவிடும். அதை இறுக்கிக் கட்டி ஒரே இடத்தில் தேக்கினால் காலையே இழக்க நேரலாம். இருட்டில் கடித்தது எது என்று யாருக்குத் தெரியும்? ஆகவே கட்டாதே, கீறாதே, வாய் வைத்து உறிஞ்சாதே. மெட்டி, கொலுசு, மோதிரத்தைக் கழற்றிவிடு. எலும்பு முறிவுக்குச் செய்வதுபோல மட்டை வைத்துக் காலை அசையாமல் வை, நடக்க விடாதே. புத்தூர் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போ. நஞ்சுமுறி மருந்துதான் உயிரைக் காக்கும். கைவைத்தியத்தில் போகும் ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம்.

காவிரிக்கரையில் வளரும் பிள்ளை நீ. அதனால் நீரில் மூழ்கியவர் பற்றிய பக்கத்தை இன்றைக்கே படி. மேட்டூர் அணை திறந்து ஆறு நிறைந்து ஓடும்போது அம்மா மண்டபத்துப் படி எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. யாராவது தத்தளித்தால் நீ குதிக்காதே. வேட்டி, புடவை, கயிறு, மூடிய காலி கேன், எது கையில் கிடைக்கிறதோ அதை வீசு. கரையேற்றப்பட்டவர் மூச்சில்லாமல் கிடந்தால், தோளில் தலைகீழாகப் போட்டுச் சுற்றுவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் நம் பக்கத்து வழக்கம். இரண்டுமே வேண்டாம். அவருக்கு இல்லாமல் போனது காற்று. தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயோடு வாய் வைத்து முதலில் ஊது. பிறகு நடு நெஞ்சில் இரு கைகளையும் வைத்து, பெரியவர் என்றால் 5 செ.மீ. ஆழம் இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை என்ற வேகத்தில் 30 முறை அமுக்கு. மறுபடி 2 மூச்சு. உதவி வரும்வரை விடாதே. ஈரக் கையோடு போனைத் தடவிப் பக்கம் தேட அப்போது நேரமிருக்காது. செயலியோடு நில்லாமல், முதலுதவிப் பயிற்சி முகாம் நடந்தால் போய், பொம்மையின் நெஞ்சில் அமுக்கிப் பழகிவிடு. எவ்வளவு பலம் தேவை என்பது கைக்குத்தான் தெரியும்.

வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்காதே, வாயில் எதையும் வைக்காதே. ஒருக்களித்துப் படுக்க வை. தீக்காயத்தில் இட்லி மாவும் பேஸ்ட்டும் தடவாமல் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டு. இந்தப் பழக்கங்கள் எல்லாவற்றையும் வெளிநாட்டுச் செயலி அறிந்திருக்காது, அதனால் தடுக்கவும் தடுக்காது. நீயே தமிழில் ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒட்டு. ஆங்கிலப் பக்கத்தைப் பாட்டி எப்படிப் படிப்பாள்?

சாலை விபத்தில் உதவப் போனால் போலீஸ், கோர்ட்டு என்று அலைய வேண்டிவரும் என்ற பயம் உன் வயதுப் பிள்ளைகளுக்கும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுபவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. பெயரைக்கூடச் சொல்லியே ஆகவேண்டும் என்பதில்லை.

108-ஐ அழைத்ததும் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கீழே வை, கை இரண்டும் வேலைக்கு வேண்டும். "ஸ்ரீரங்கம் கோயில் பக்கம்" என்றால் போதாது. உத்திர வீதியா, சித்திரை வீதியா, அதில் கிழக்கா மேற்கா, ராஜகோபுரம் பக்கமா வெள்ளைக் கோபுரம் பக்கமா என்று சொல். ஒருவரை வீதி முனைக்கு அனுப்பி வண்டிக்கு வழிகாட்டச் சொல்.

அன்புடன்,
அத்தை