இருமினால் சிறுநீர் கசிகிறதா? ஸ்லிங் அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும்

தும்மினாலோ குடத்தைத் தூக்கினாலோ வாய்விட்டுச் சிரித்தாலோ சிறுநீர் கசிந்துவிடுகிறது என்று எத்தனையோ பெண்கள் வெளியே சொல்லாமல் துணி மடித்து வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள். பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் சகஜம் என்று வீட்டிலும் சொல்லிவிடுவார்கள். சகஜம்தான், ஆனால் சகித்துக்கொண்டே இருக்கத் தேவையில்லை. இதற்குச் சிகிச்சை உண்டு. அதில் ஒன்றான ஸ்லிங் அறுவை சிகிச்சைக்குப் போகும் முன் என்னென்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

முதல் வேலை, உங்களுக்கு இருப்பது எந்த வகைக் கசிவு என்று தெரிந்துகொள்வது. சிறுநீர்க்குழாயைக் கீழிருந்து தாங்கும் தசையும் சவ்வும் பிரசவம், உடல் எடை, மாதவிடாய் நிற்றல், நாள்பட்ட இருமல், மலச்சிக்கல் போன்றவற்றால் தளர்ந்துபோனால், வயிற்றில் அழுத்தம் கூடும்போது கசியும். ஸ்லிங் இந்த வகைக்குத்தான். திடீரென்று முட்டிக்கொண்டு வந்து, கழிப்பறைக்குப் போவதற்குள் போய்விடுகிறது என்றால் அது வேறு வகை. அதற்கு முதல் வைத்தியம் பயிற்சியும் மாத்திரையும்தான். சிலருக்கு இரண்டும் கலந்திருக்கும்.

இதைப் பிரித்தறிய ஒரு நோட்டு போதும். மூன்று நாள் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு எவ்வளவு தண்ணீர், காபி குடித்தீர்கள், எப்போது சிறுநீர் கழித்தீர்கள், அளவுக் குவளையில் பிடித்தால் எத்தனை மில்லி, எப்போது கசிந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள். "காலை 7.10, வாளி தூக்கினேன், உள்ளாடை நனைந்தது" என்று எழுதினால் மருத்துவருக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும். மருத்துவமனையில் சிறுநீர்ப்பை நிறைந்திருக்கும்போது இருமச் சொல்லி, கசிகிறதா என்று நேரில் பார்ப்பார்கள். கூச்சப்படாதீர்கள், கசிவைக் கண்ணால் பார்க்காமல் கத்தி எடுப்பது நல்ல வைத்தியம் இல்லை. சிறுநீரில் கிருமித்தொற்று உண்டா, கழித்த பிறகு உள்ளே எவ்வளவு தங்குகிறது என்பதையும் சோதிப்பார்கள். சிறுநீர்ப்பையின் அழுத்தத்தை அளக்கும் யூரோடைனமிக் சோதனை எல்லாருக்கும் வேண்டியதில்லை. இரண்டு வகையும் கலந்திருந்தாலோ, முன்பே இதற்கு அறுவை நடந்திருந்தாலோ, சிறுநீர் முழுதாக வெளியேறாமல் இருந்தாலோ அவசியம்.

அடுத்தது பயிற்சி. குறைந்தது மூன்று மாதம் இடுப்புத்தளத் தசைப் பயிற்சி செய்யாமல் அறுவை பற்றிப் பேசவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. வாயு பிரியாமல் அடக்கும்போது எந்தத் தசையை இறுக்குகிறோமோ அதுதான். வயிறு, தொடை, பிட்டம் இறுகக் கூடாது. மூச்சைப் பிடிக்கவும் கூடாது. ஒரு தடவைக்கு எட்டு முறை இறுக்கித் தளர்த்துங்கள். ஒரு நாளைக்கு மூன்று தடவை. சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்தி நிறுத்திப் பழகாதீர்கள். சரியான தசைதான் இறுகுகிறதா என்று ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒருமுறை காட்டிக்கொள்ளுங்கள். எடை கூடுதலாக இருந்தால் குறையுங்கள். இவற்றிலேயே பலருக்குக் குணம் தெரியும்.

அப்படியும் தீரவில்லை, அன்றாட வாழ்க்கை முடங்குகிறது என்றால் ஸ்லிங். இது உயிர்காக்கும் அவசர அறுவை இல்லை. எனவே முடிவு உங்களுடையது, நிதானமாக எடுக்கலாம். இன்னும் குழந்தை வேண்டும் என்றால் பிரசவம் முடிந்தபிறகு அறுவையை வைத்துக்கொள்வதே நல்லது.

ஸ்லிங் என்பது சிறுநீர்க்குழாய்க்கு அடியில் தூளி போல் இடும் ஒரு பட்டை. எதனால் ஆன பட்டை என்பதுதான் முக்கியமான கேள்வி. ஒன்று, பாலிபுரொப்பிலீன் என்ற செயற்கை இழையால் பின்னிய, சுமார் 1 செ.மீ. அகல டேப். ஸ்வீடன் மருத்துவர் உல்ஃப் உல்ம்ஸ்டென் 1990-களில் கொண்டுவந்த இந்த முறை உலகெங்கும் பரவியது. டேப்பை இடுப்பின் முன்புற எலும்புக்குப் பின்புறமாக அடிவயிற்றுக்குக் கொண்டுவரலாம். தொடை இடுக்கு வழியாகவும் கொண்டுவரலாம். 597 பெண்களிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2010-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஓராண்டு கழித்துச் செய்த சோதனைகளின்படி வெற்றி முறையே ஏறத்தாழ 81, 78 சதவீதம். முதல் வழியில் சிறுநீர்ப்பையில் ஊசி படுவதும் சிறுநீர் கழிக்கச் சிரமமும் கூடுதல். இரண்டாவதில் தொடை வலி கூடுதல்.

இன்னொன்று, உங்கள் வயிற்றுச் சுவரின் உறுதியான சவ்விலிருந்தே வெட்டியெடுத்த பட்டை. அந்நியப் பொருள் இல்லை. ஆனால் வயிற்றில் தனியாக ஒரு வெட்டு, ஆறக் கூடுதல் நாள்.

செயற்கை டேப் சிலருக்குப் பிறப்புறுப்புச் சுவரைத் துளைத்து வெளியே தெரியும். சிலருக்குத் தீராத வலி, தாம்பத்தியத்தில் வேதனை. பாதிக்கப்பட்ட பெண்கள் குரல் எழுப்பியதால் 2018-இல் இங்கிலாந்தில் இதன் பயன்பாடு நிறுத்திவைக்கப்பட்டது. பெரும்பாலோருக்கு நன்றாக வேலை செய்கிறது என்பதும் உண்மை, திசுவோடு பின்னிக்கொண்ட டேப்பை முழுதாக எடுப்பது கடினம் என்பதும் உண்மை. ஆகவே மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்: எந்தப் பட்டை, எந்த வழி? இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? சிக்கல் வந்தால் யார் பார்ப்பார்கள்? பதில் சொல்லத் தயங்கினால் இன்னொரு மருத்துவரைப் பாருங்கள்.

டேப் அறுவை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். முதுகில் ஊசி போட்டோ மயக்கம் கொடுத்தோ செய்வார்கள். டேப்பை இறுக்கிக் கட்டுவதில்லை. குழாய்க்கும் டேப்புக்கும் நடுவே கத்தரிக்கோல் முனை நுழையும் அளவு இடம் விட்டு வைப்பார்கள். இறுக்கினால் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். அடிவயிற்று வழியில் செய்தால், சிறுநீர்ப்பைக்குள் கேமரா விட்டு ஊசி பட்டிருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். பிறகு சிறுநீர் வெளியேற வைத்திருந்த டியூபை எடுத்துவிட்டு, நீங்களாகச் சிறுநீர் கழித்துக் காட்டிய பிறகே வீட்டுக்கு அனுப்புவார்கள். சிலர் சில நாள் டியூபோடு போக நேரும்.

வீட்டில் நான்கு முதல் ஆறு வாரம் குடம், சிலிண்டர், குழந்தை எதையும் தூக்கக் கூடாது. தாம்பத்தியமும் ஆறு வாரம் கழித்தே. முக்கி மலம் கழிக்க நேராதபடி கீரை, பழம், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். சிறுநீர் வராமல் அடைத்தாலோ, காய்ச்சலோ துர்நாற்றத்தோடு வெள்ளையோ அதிக ரத்தப்போக்கோ இருந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மாதங்கள் கழித்து ரத்தக்கசிவோ, கணவருக்கு எதுவோ குத்துகிற உணர்வோ வந்தாலும் காட்டுங்கள்.

மருத்துவமனையை விட்டுக் கிளம்பும்போது டேப்பின் பெயர், தயாரித்த நிறுவனம், பேட்ச் எண் உள்ள ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் சீட்டில் ஒட்டித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். பத்து வருஷம் கழித்து உங்களைப் பார்க்கும் மருத்துவருக்கு அது தேவைப்படும்.