நவம்பர் ஓட்டு வேற, ஸ்கூல் ஓட்டு வேற!

சிட்டிசன்ஷிப் வாங்கியாச்சு, நவம்பர்ல ஒரு தடவை ஓட்டும் போட்டாச்சு. "அக்கா, மே மாசம் ஸ்கூல் தேர்தலாமே, அதுக்கும் போகணுமா?"ன்னு கேக்குற நியூயார்க் மாநிலத்துத் தங்கச்சி, தம்பிகளுக்குத்தான் இந்த டிப்ஸ். கண்டிப்பா போகணும். பெருநகரங்களுக்கு வெளியே வீட்டு வரியில பெரும்பங்கு பள்ளிக்கூடத்துக்குத்தான் போகுது. அந்த பட்ஜெட்டுக்கு நேரடியா 'சரி', 'வேண்டாம்' சொல்றது நாமதான். ஆனா நவம்பர் பழக்கத்தோட போனா அங்கங்க இடறும்.

1. தேதியைக் குறிச்சு வைங்க

மே மாசம் மூணாவது செவ்வாய்க்கிழமை, மாநிலம் முழுக்க. 2026-ல மே 19. நியூயார்க் நகரம், பஃபலோ, ராச்செஸ்டர், சிரக்யூஸ், யாங்கர்ஸ் ஆகிய அஞ்சு ஊர்ல மட்டும் பட்ஜெட் ஓட்டு கிடையாது. நவம்பர் மாதிரி முன்னாடியே நேர்ல போய்ப் போடுற வசதியும் இதுக்கு இல்லை.

2. ஓட்டு யாருக்கு?

18 வயசு ஆன அமெரிக்க சிட்டிசனா இருக்கணும். அந்த ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்ல 30 நாளாவது குடியிருந்திருக்கணும். வாடகை வீட்டுல இருக்கிறவங்களுக்கும், ஸ்கூல் போற பிள்ளை இல்லாதவங்களுக்கும் ஓட்டு உண்டு. கிரீன் கார்டு, எச்-1பி-ல இருக்கிறவங்களுக்குக் கிடையாது. "வரி கட்டுறோமே, எம் பிள்ளை அங்கதானே படிக்குது"ன்னு உள்ள போயிடாதீங்க. சிட்டிசன் இல்லாதவங்க ஓட்டுப் போட்டா, விஷயம் நாடு கடத்தல் வரைக்கும் போகலாம். ஓட்டு உள்ளவங்களுக்கு இன்னொண்ணு: தேர்தலுக்கு 7 நாள்ல இருந்து 14 நாள் முன்னாடி பட்ஜெட் பொதுக்கூட்டம் ஒண்ணு நடக்கும். அதுல போய் உக்காந்து கேளுங்க.

3. அறிவிப்பை முன்னாடியே படிங்க

உள்ளூர் பேப்பர்ல லீகல் நோட்டீஸ் பக்கம் பொடி எழுத்துல இருக்குமே, அங்கதான் வரும். முதல் அறிவிப்பு தேர்தலுக்கு 45 நாள் முன்னாடியே வந்தாகணும். ஏழு வாரத்துல மொத்தம் நாலு தடவை போடணும். ஓட்டுச்சாவடி, நேரம், பேர் பதிய கடைசி நாள், தபால் ஓட்டு விவரம் எல்லாம் அதுல இருக்கும். போட்டோ எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போட்டு வைங்க.

4. அந்த அட்டையைக் குப்பையில போடாதீங்க

பொதுக்கூட்டம் முடிஞ்சதும் டிஸ்ட்ரிக்ட்ல இருந்து தபால்ல பட்ஜெட் நோட்டீஸ் ஒண்ணு வரும். தேர்தலுக்கு ஆறு நாள் முன்னாடியாவது அனுப்பணும்னு சட்டம். பீட்சா கூப்பன் நடுவுல கலந்து கிடக்கும், தேடி எடுங்க. இந்த வருஷ பட்ஜெட், வரப்போற பட்ஜெட், தோத்துப் போனா வர்ற கன்டிஞ்சென்சி பட்ஜெட், மூணும் பக்கத்துல பக்கத்துல இருக்கும். முதல்ல 'டாக்ஸ் லெவி'ன்னு போட்டிருக்கிற இடத்தைப் பாருங்க. வரியா வசூலிக்கப் போற மொத்தத் தொகை அதுதான். அது மாநிலம் வச்ச உச்சவரம்புக்குள்ள இருந்தா, பாதிக்கு மேல ஓட்டு விழுந்தாலே பட்ஜெட் பாஸ். வரம்பைத் தாண்டினா 60 சதவீதம் வேணும்.

5. சாவடி எங்கன்னு சரி பாருங்க

நவம்பர்ல போன அதே இடத்துல போய் நிக்காதீங்க. இது பெரும்பாலும் ஏதாவது ஸ்கூல் ஜிம்ல நடக்கும். ஊர் எல்லையும் டிஸ்ட்ரிக்ட் எல்லையும் ஒண்ணு இல்லை. எந்த டிஸ்ட்ரிக்ட்னு சந்தேகமா இருந்தா ஸ்கூல் டாக்ஸ் பில்லைப் பாருங்க. சில டிஸ்ட்ரிக்ட்ல முகவரிக்கு ஆதாரம் கேப்பாங்க, லைசென்ஸோ கரண்ட் பில்லோ கையில இருக்கட்டும். லிஸ்ட்ல பேர் இல்லைன்னா திரும்பி வந்துடாம, அஃபிடவிட் ஓட்டு (தகுதி உண்டுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுப் போடுற ஓட்டு) உண்டான்னு கேளுங்க.

6. 100 அடிக்குள்ள பிரசாரம் கூடாது

சாவடியைச் சுத்தி 100 அடிக்கு எல்லை வச்சிருப்பாங்க. அதுக்குள்ள துண்டுச்சீட்டு, பேட்ஜ், "இவருக்குப் போடுங்க" எதுவும் வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரரே இந்தத் தேர்தல்ல ஸ்கூல் போர்டு உறுப்பினர் பதவிக்கு நின்னாலும் பேச்சைப் பார்க்கிங்கோட முடிச்சுக்கோங்க. ஓட்டுச்சீட்டுலயும் கட்சிப் பேர் இருக்காது. அதனால வேட்பாளர் யார் யாருன்னு வீட்டுலயே படிச்சுட்டுப் போங்க.

7. தபால் ஓட்டுக்கு மாலை 5 மணி கெடு

இதுலதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. நவம்பர்ல தேர்தல் நாள் தபால் முத்திரை இருந்தா போதும். இங்க அது செல்லாது. தேர்தல் நாள் மாலை 5 மணிக்குள்ள சீட்டு டிஸ்ட்ரிக்ட் கிளார்க் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கணும். சீட்டு தபால்ல வரணும்னா, விண்ணப்பம் 7 நாள் முன்னாடியே அவங்ககிட்ட இருக்கணும். நேர்ல வாங்கிக்கிறதா இருந்தா முந்தின நாள் வரை டைம் உண்டு.

8. அம்மா அப்பாவோட போறீங்களா?

கண் சரியாத் தெரியாதவங்க, ஆங்கிலம் படிக்க முடியாதவங்க, தனக்குப் பிடிச்ச ஒருத்தரைத் துணைக்குக் கூட்டிட்டுப் போலாம். வேலை கொடுத்தவரும் யூனியன் ஆளும் மட்டும் துணையா வரக்கூடாது. நீங்க படிச்சுச் சொல்லலாம், யாருக்குன்னு அவங்கதான் முடிவு பண்ணணும்.

9. சீட்டை முழுசாப் பாருங்க

பட்ஜெட்டோட நிக்காம, ஸ்கூல் பஸ் வாங்குறது, நூலக நிதின்னு தனித்தனிக் கேள்வி வரலாம். போர்டு இடத்துக்கு 'ரெண்டு பேர்'னு போட்டிருந்தா மூணு பேரைக் குறிக்காதீங்க, அந்தப் பகுதி ஓட்டே செல்லாமப் போயிடும்.

10. ஜூனையும் குறிச்சு வைங்க

பட்ஜெட் தோத்தா, ஜூன் மூணாவது செவ்வாய்க்கிழமை போர்டு திரும்ப ஓட்டுக்கு விடலாம். 2026-ல அது ஜூன் 16. அதுலயும் தோத்தா கன்டிஞ்சென்சி பட்ஜெட்தான், வரி வசூலை நடப்பு வருஷ அளவுக்கு மேல ஏத்த முடியாது. மே ரிசல்ட் பார்த்துட்டு ஜூன் விடுமுறைக்கு டிக்கெட் போடுங்க. ஏற்கெனவே போட்டிருந்தா, தபால் ஓட்டுக்கு உடனே எழுதிக் கொடுத்துடுங்க.