தொகுதி உற்பத்தியும் தொழில் உத்தியும்

ஒரே பொறியில் வெவ்வேறு பொருள்களை அடுத்தடுத்துத் தொகுதிகளாகச் செய்வது தொகுதி உற்பத்தியாகும். தொகுதி மாறும்போதெல்லாம் அச்சினை மாற்ற வேண்டும். அதுவரை பொறி ஓய்ந்திருக்கும். எனவே, ஒரே பொருளைப் பெருமளவில் செய்து குவிப்பதே சிக்கனம் எனக் கருதப்பட்டது. விற்காத பொருளோ கிடங்கில் முடங்கிய முதலன்றோ?

போருக்குப் பிந்தைய ஜப்பானின் சந்தை சிறியது. பலவகை ஊர்திகளை வேண்டியது. ஆகவே, டொயோட்டா நிறுவனம் சிறு தொகுதிகளில் பலவகை செய்வதைத் தன் உத்தியாகக் கொண்டது. அச்சு மாற்றும் நேரம் அதற்குத் தடையாயிற்று. 1969இல் ஆயிரம் டன் அழுத்துப்பொறியில் நான்கு மணி நேரம் பிடித்த அப்பணி, ஷிகியோ ஷிங்கோவின் வழிகாட்டலால் பின்னர் மூன்று நிமிடத்திற்குள் அடங்கியது. பொறி ஓடும்போதே செய்யத்தக்க ஆயத்தங்களை முன்னரே முடித்தல் அவர்தம் முறையின் அடிப்படையாகும்.

நிறுவனத்தின் நோக்கமறிந்து பொறியை இயக்குவதே உண்மையான உற்பத்தித்திறன்.