பீடித் துண்டும் பஞ்சு மெத்தையும்

திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊரில் அப்பாவுக்குத் திண்ணைதான் எல்லாம். இரவுச் சாப்பாடு முடிந்ததும் அங்கே உட்கார்ந்து பீடி குடித்துவிட்டு, துண்டைத் தெருமண்ணில் வீசிவிடுவார். 1997இல் எங்களோடு இருக்க மும்பைக்கு வந்தார். செம்பூரில் மூன்றாவது மாடி. திண்ணையும் இல்லை, மண்ணும் இல்லை. பேரனோடு படுக்கும் இலவம்பஞ்சு மெத்தையில் உட்கார்ந்தே குடிக்க ஆரம்பித்தார். பெரியவரிடம் எப்படிச் சொல்வது என்று நானும் சும்மா இருந்துவிட்டேன்.

ஓர் இரவு ஒரு மணி இருக்கும். தொண்டை கமறி எழுந்தேன். அடுத்த அறையில் புகை. மெத்தை ஓரத்தில் கையகலத்துக்குக் கருகியிருந்தது. தீ எதுவும் தெரியவில்லை. தாத்தாவும் பேரனும் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். இருவரையும் வெளியே இழுத்துவந்து, மெத்தைமேல் இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றினோம்.

"பத்து மணிக்கே அணைஞ்சிபோச்சேலே" என்றார் அப்பா.

அவர் பொய் சொல்லவில்லை. இழுக்காவிட்டால் பீடி பெரும்பாலும் அணைந்துவிடும். (சிகரெட் அப்படியல்ல, கீழே வைத்தாலும் தானே எரிந்துகொண்டிருக்கும்.) ஆனால் அதற்குள் ஒரு கங்கு உதிர்ந்து பஞ்சுக்குள் போயிருக்கிறது. பஞ்சின் இடுக்குகளில் உள்ள காற்று, கனல் அணையாமல் இருக்கப் போதும். சுவாலை விடத்தான் போதாது. ஆகவே மணிக்கணக்கில் உள்ளேயே கனன்று, காற்று கிடைத்ததும் குப்பென்று பிடிக்கும். அதற்கு முன்பே கார்பன் மோனாக்சைடு வாயு வந்துவிடும். அதற்கு மணம் கிடையாது. தூங்குபவரை மயக்கத்தில் ஆழ்த்திவிடும். புகை வாடை என்னை எழுப்பியது, மெத்தையிலேயே கிடந்த இருவரையும் எழுப்பவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

காலையில் பார்த்தால், தண்ணீர் படாத உள்பஞ்சிலிருந்து மறுபடியும் புகை! பஞ்சைப் பிரித்துப் பிரித்து நனைக்க வேண்டியிருந்தது. புகை அதிகமானால் இந்த வேலையெல்லாம் நமக்கு வேண்டாம். எல்லோரும் வெளியேறி, கதவைச் சாத்திவிட்டு 101 அல்லது 112க்குப் போன் செய்யுங்கள். புகையும் மெத்தையை மாடிப்படியில் தூக்கிப்போகாதீர்கள். போகிற வழியில் காற்றுப் பட்டுத் தீப்பிடிக்கலாம்.

பஞ்சு நெருப்பை மும்பை மறந்ததில்லை. 1944 ஏப்ரல் 14 அன்று விக்டோரியா துறையில் நின்ற ஃபோர்ட் ஸ்டிக்கீன் கப்பலில், பஞ்சுப் பொதிகள் இருந்த அறையிலிருந்து புகை வந்தது. சுமார் இரண்டு மணி நேரம் கழித்து அதிலிருந்த வெடிமருந்து வெடித்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். தீயணைப்பு வீரர்களும் பலர். நாம் சித்திரைப் பிறப்புக்குப் பாயசம் வைக்கும் அந்தத் தேதியில்தான் நாடு முழுவதும் தீயணைப்போர் தினம்.

நம் சங்க அன்பர்கள் வீடுகளிலும் ஊரிலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள். பீடியோ சிகரெட்டோ, படுக்கையில் வேண்டாம். தூக்க மாத்திரை போட்டவர், மது அருந்தியவர் என்றால் சோபாவிலும் வேண்டாம். காகிதக் குப்பைக் கூடையில் துண்டைப் போடவே கூடாது. தண்ணீரில் நனைத்த பிறகே குப்பைக்குப் போகட்டும். 2021க்குப் பிறகு சில வீடுகளில் ஆக்சிஜன் சாதனம் வைத்திருக்கிறார்கள். அந்த அறையில் தீக்குச்சிகூடக் கிழிக்கக் கூடாது. ஆக்சிஜன் போர்வையிலும் துணியிலும் தங்கி, சிறு பொறியையும் பெருந்தீயாக்கிவிடும்.

அந்த வாரமே பால்கனியில் துணிக்கொடியை அவிழ்த்தேன். பழைய பேப்பர் கட்டையும் அப்புறப்படுத்தி, அப்பாவுக்கு ஒரு நாற்காலி போட்டேன். பக்கத்தில் காலி டால்டா டப்பாவில் பாதிக்கு மணல். முதல் துண்டை அதில் குத்திவிட்டு, "நம்ம தெருமண்ணு மாதிரில்லா இருக்கு" என்றார்.