‘வெலீயிட்டி’ என்னும் ஓர் அரிய சொல்



கல்லூரியில் படிக்கும் நம் பங்கின் பிள்ளையொருவர் ஓர் ஆங்கிலச் சொல்லைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்து பொருள் கேட்டார். வி, ஈ, எல், எல், ஈ, ஐ, டீ, ஒய் என்ற எட்டு எழுத்துக்கள். ‘வெலீயிட்டி’ என்று வாசிக்க வேண்டும். வேகத்தைக் குறிக்கும் ‘வெலாசிட்டி’க்கும் இதற்கும் யாதொரு உறவுமில்லை.

லத்தீனில் ‘வெல்லே’ என்றால் விரும்புதல். ‘வெல்லெம்’ என்றால், ‘கூடுமானால் விரும்புவேன்’ என்று இழுத்தாற்போலச் சொல்வது. இதிலிருந்து மத்திய காலத்து வேதசாஸ்திரிகள் ‘வெல்லேயித்தாஸ்’ என்ற சொல்லை ஆக்கிக்கொண்டார்கள். 17-ம் நூற்றாண்டில் அது ஆங்கிலத்தில் நுழைந்தது. 1690-ம் ஆண்டைத் தாங்கி வெளிவந்த நூலில் தத்துவ ஞானி ஜான் லாக் என்பவர், ஆசையின் அடிமட்டப் படி என்றும், ஆசையே இல்லாமைக்கு அடுத்த நிலை என்றும் இதற்கு விளக்கம் தருகிறார். ஆகவே வலுவான ஆசைக்கு இச்சொல்லைப் பிரயோகித்தால் பிழை. தமிழில் இதற்குத் தனிச்சொல் தேடுவானேன்? “நிறுத்தினால் தேவலைதான்”, “செய்யலாம் என்றுதான் இருக்கிறேன்” என்று நாம் தினமும் சொல்வது இதுவே அல்லவா?

அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் இதை ஓர் உவமையால் தெளிவாக்குகிறார். கொலைகாரனுக்கு மரண தண்டனை விதிக்கும் நியாயாதிபதி, அவனும் மனிதனாயிற்றே, பிழைத்தால் நல்லதென்று எண்ணக்கூடும். ஆனாலும் தீர்ப்பை எழுதிவிடுகிறார். எழுதிய தீர்ப்பே அவருடைய மனது. பிழைத்தால் நல்லது என்றது வெறும் வெலீயிட்டி. வேறோர் இடத்தில் சுகத்தைப் பற்றிப் பேசுகிறார். சுகம் வேண்டுமென்று ஆசைப்படுவது ஒன்று. அதை அடையும் வழியையும் சேர்த்து விரும்புவது வேறொன்று. இரண்டாவதைத்தான் கருத்து என்று சொல்லலாம். கசப்பு மருந்தை அலமாரியில் வைத்துவிட்டுச் சுகத்துக்கு ஆசைப்படுகிறவன் எவ்வகையைச் சேர்ந்தவன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இது அகராதி விஷயந்தானே என்று தள்ளிவிடாதீர்கள். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இதன் கனம் தெரியும். மெய்யான மனஸ்தாபத்தில், இனிப் பாவஞ் செய்வதில்லையென்ற பிரதிக்கினையும் அடங்கியிருக்க வேண்டுமென்று 1551-ல் திரிதெந்தீன் பொதுச்சங்கம் போதித்தது. “குடியை விட ஆசைதான், சாமி” என்பவரிடம் குருவானவர், “இன்று மாலை எந்த வழியாக வீட்டுக்குப் போவீர்?” என்று கேட்டால், அது வீண் கேள்வியல்ல. வேறு தெருவாகச் செல்ல மனமிருந்தால் அது பிரதிக்கினை. பழைய கடை வாசல் வழியேதான் போவேன் என்றால், மிஞ்சியது அந்த எட்டெழுத்துச் சொல்தான்! பிரதிக்கினை செய்தவன் பலவீனத்தால் மறுபடி விழுவதும் உண்டு. அதனாலேயே அவன் பிரதிக்கினை பொய்யென்று ஆகிவிடாது. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

அர்ச். அகுஸ்தீனார் இந்நிலையை நன்கறிவார். 386-ம் ஆண்டில் மிலான் நகரத்தில் மனந்திரும்புமுன், பொழுது விடிந்தும் எழுந்திருக்க மனமின்றிப் படுக்கையில் புரளுகிறவனுக்குத் தம்மையே ஒப்பிட்டுப் பிற்காலத்தில் எழுதினார். கற்பு வேண்டும், ஆனால் சற்றுப் பொறுத்து வரட்டும் என்ற பொருளில் அவர் வாலிபத்தில் ஜெபித்ததும் பிரசித்தம்.

இனி இதன் மறுபக்கம். வெலீயிட்டி எல்லாம் குற்றமல்ல. சேசுநாதர் பூங்காவனத்தில் பாத்திரம் தம்மைவிட்டு அகலும்படி வேண்டினாரே, அதை எப்படிப் புரிந்துகொள்வது? மரணத்துக்கு அஞ்சும் மனுஷ சுபாவத்தின் விருப்பம் அது. தடையொன்றும் இராவிட்டால் விரும்பத்தக்கது என்ற அளவில் அதற்கு வெல்லேயித்தாஸ் என்ற பெயரே பொருந்தும் என்கிறார் அர்ச். தோமாஸ். தீர்மானமான சித்தத்தால் சேசுநாதர் பிதாவின் சித்தத்தையே தெரிந்துகொண்டார்.

நீண்ட நாள் நோயில் படுத்திருப்பவர்கள், “சிலுவையை ஏற்றுக்கொண்டேன் என்கிறேன், ஆனாலும் இது போய்விடாதா என்று மனது கிடந்து தவிக்கிறதே, இது பாவமா?” என்று என்னிடம் அழுததுண்டு. பாவமல்ல. அந்தத் தவிப்பும் அந்த ஏற்பும் ஒரே நெஞ்சில் ஒருங்கே இருக்கலாம்.

மாணவரிடம் முதல் பாதியைத்தான் சொன்னேன். பரீட்சைக்கு அது போதும் என்றார்.