வளைகிற கோல் முறியாது

பெங்களூரில் விவேக் நகர் என்று ஒரு பகுதி இருக்கிறது. குழந்தை இயேசு ஆலயம் அங்கேதான் உள்ளது. வியாழக்கிழமை தோறும் அங்கே பெரும் கூட்டம் கூடும். தமிழ் பேசும் குடும்பங்கள் பல அந்தப் பகுதியில் வாழ்கின்றன.

அங்கே ஒரு சிறிய சந்து. சந்தின் கடைசியில் மாமாவின் வீடு. மாமா முன்பு தச்சு வேலை செய்தவர். இப்போது வீட்டு வாசலில் உட்கார்ந்து தூண்டில் கோல் கட்டுகிறார். பழுதான கோலைச் சரி செய்தும் தருகிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மாமாவின் அக்கா மகன் வந்தான். அவனுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை. அவன் கையில் முறிந்த தூண்டில் கோல் இருந்தது. அவன் அம்மாவும் கூடவே வந்தார்.

"என்ன மாப்பிள்ளை, கோல் போய்விட்டதா?" என்று மாமா கேட்டார்.

"ஆமாம் மாமா. கிருஷ்ணகிரிப் பக்கம் சித்தப்பா குளம் குத்தகைக்கு எடுத்திருக்கிறார் அல்லவா? அங்கே போனேன். நல்ல கட்லா மாட்டியது. இழுத்தேன். தங்கூசி அறுந்துவிட்டது. அடுத்த வாரம் தடித்த தங்கூசி போட்டேன். மறுபடியும் மீன் மாட்டியது. இந்த முறை கோலே முறிந்துவிட்டது. கடையில் இருந்ததிலேயே தடியான கோல் மாமா இது!"

அம்மா பேசினார். "என் சீட்டுப் பணத்தில் வாங்கிய கோல் தம்பி. இப்போது இவனே கோல் கட்டி விற்கப் போகிறானாம். மீதிப் பணத்தையும் கேட்கிறான். கொடுக்கலாமா, நீயே சொல்."

"அவசரப்படாதே அக்கா. இந்தக் கோல் ஏன் முறிந்தது? முதலில் அதைக் கண்டுபிடிப்போம். காரணம் தெரியாமல் புதுக்கோல் கட்டினால் அதுவும் முறியும்" என்றார் மாமா.

கோலில் உள்ள எழுத்து

மாமா முறிந்த கோலைத் துடைத்தார். கைப்பிடிக்கு மேலே சிறிய எழுத்துகள் தெரிந்தன.

"அக்கா, நீ இரவுப் பள்ளியில் படிக்கிறாய் அல்லவா? இந்த எண்களைப் படி."

அம்மா கண்ணை இடுக்கிப் பார்த்தார். "எட்டு... ஒரு கோடு... பதினான்கு."

"சரியாகப் படித்தாய். 8 முதல் 14 பவுண்டு. இந்தக் கோலுக்கு எவ்வளவு வலுவான தங்கூசி போடலாம் என்று அது சொல்கிறது. ஒரு பவுண்டு என்பது சுமார் 454 கிராம். 8 பவுண்டு ஏறக்குறைய மூன்றரை கிலோ. 14 பவுண்டு ஏறக்குறைய ஆறேகால் கிலோ. மாப்பிள்ளை, நீ முதலில் போட்ட தங்கூசி எத்தனை பவுண்டு?"

"4 பவுண்டு மாமா."

"இரண்டாவது?"

"40 பவுண்டு."

மாமா சிரித்தார். "முதல் தங்கூசி கோலைவிட மெலிந்தது. கோல் வளைவதற்கு முன்பே அது அறுந்தது. இரண்டாவது தங்கூசி கோலைவிட வலுவானது. அது அறுக்காமல் நின்றது. கோல் முறிந்தது. கோலும் தங்கூசியும் வண்டியில் பூட்டிய இரண்டு மாடுகள். இரண்டும் ஒரே வலுவாக இருக்க வேண்டும். தடிமனைப் பார்த்துக் கோல் வாங்கக் கூடாது. எழுத்தைப் படித்து வாங்க வேண்டும்."

கோலின் வேலை என்ன?

கோலின் வேலை மீனைத் தூக்குவது அல்ல. வளைவதுதான் அதன் வேலை. மீன் திமிறும்போது கோல் வளைந்து கொடுக்கும். மீன் ஓய்ந்ததும் நிமிரும். இப்படியே மீன் களைத்துப் போகும். ஆற்று வெள்ளத்தில் மரம் சாய்கிறது. நாணல் வளைந்து பிழைக்கிறது. கோலும் அப்படித்தான்.

1946-ஆம் ஆண்டு கபினி ஆற்றில் ஒரு பெரிய மஹசீர் மீன் தூண்டிலில் பிடிபட்டது. பிடித்தவர் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் குடும்பத்துக்காரர். மீனின் எடை 120 பவுண்டு. அதாவது சுமார் 54 கிலோ. இவ்வளவு பெரிய மீனைக் கோலால் தூக்க முடியுமா? முடியாது. களைக்க வைத்துத்தான் கரை சேர்க்க முடியும்.

வெறுங்கோல்

கைப்பிடியும் வளையமும் மாட்டாத கோலைக் கடைக்காரர்கள் 'பிளாங்க்' என்பார்கள். நாம் அதை வெறுங்கோல் என்று சொல்வோம். வெறுங்கோல் மூன்று பொருள்களில் கிடைக்கிறது.

மூங்கில்: இதுதான் பழைய கோல். கல் மூங்கில் நம் நாட்டு மூங்கில். உள்ளே துளை சிறியது. நல்ல கனம் உடையது. 19-ஆம் நூற்றாண்டில் இந்திய மூங்கில் கப்பலேறி வெளிநாடுகளுக்குப் போனது. அங்கே அதைப் பிளந்து, ஒட்டித் தூண்டில் கோல் செய்தார்கள். அதற்குக் 'கல்கத்தா மூங்கில்' என்று பெயர். மூங்கில் விலை குறைவு. ஆனால் நன்றாகக் காய வேண்டும். பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கண்ணாடி இழை: இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்தக் கோல் பரவியது. கொஞ்சம் கனமானது. நன்றாக வளையும். கீழே விழுந்தாலும் எளிதில் உடையாது. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ஏற்றது.

கார்பன் இழை: 1970-களில் வந்தது. மிகவும் இலேசானது. விறைப்பானது. மீன் இரையைத் தொட்டாலே கைக்குத் தெரியும். ஆனால் கல்லில் மோதினால் கீறல் விழும். கீறல் விழுந்த இடத்தில் பின்னால் ஒரு நாள் முறியும். விலையும் அதிகம்.

"எது நல்லது மாமா?" என்று மருமகன் கேட்டான்.

"எந்த மீன், எந்தத் தண்ணீர் என்று முதலில் சொல். பிறகு கோலைச் சொல்கிறேன்" என்றார் மாமா.

ஜிலேபிக் கெண்டைக்கு மெல்லிய கோல் போதும். 6 அடி நீளம், 4 முதல் 8 பவுண்டு.

கட்லா, ரோகு மீன்களுக்கு நடுத்தரக் கோல் வேண்டும். 7 முதல் 9 அடி நீளம், 10 முதல் 20 பவுண்டு. பாதிக் கோல் வரை வளைய வேண்டும்.

விரால் மீன் பாசியிலும் செடியிலும் ஒளியும். அதை உடனே வெளியே இழுக்க வேண்டும். அதற்கு விறைப்பான கோல் வேண்டும். நுனி மட்டும் வளைந்தால் போதும்.

வளையம்

தங்கூசி ஓடுவதற்குக் கோலில் வளையங்கள் கட்டுகிறோம். கடையில் இதைக் 'கைடு' என்பார்கள். கோலின் நுனியில் ஒரு வளையம் இருக்கும். அது நுனி வளையம்.

மாமா முறிந்த கோலை எடுத்துக் காட்டினார். அது 7 அடிக் கோல். அதில் நுனி வளையத்தைச் சேர்த்து நான்கே வளையங்கள் இருந்தன.

"இதுவும் ஒரு காரணம் மாப்பிள்ளை. வளையம் குறைந்தால் பாரம் இரண்டு மூன்று இடத்திலேயே விழும். அந்த இடத்தில் கோல் மடங்கும். வளையம் போதுமான அளவு இருந்தால் பாரம் கோல் முழுதும் பரவும். நான்கு பேர் தூக்கும் கட்டிலை ஒருவன் தூக்கினால் என்ன ஆகும்?"

"முதுகு போய்விடும்!" என்றார் அம்மா.

வளையம் வாங்கும்போது நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

1. உள் வளையம். நல்ல வளையத்தின் உள்ளே பீங்கான் போன்ற கடினமான வளையம் இருக்கும். தங்கூசி வேகமாக ஓடும்போது சூடு உண்டாகும். இந்த உள் வளையம் அதைத் தாங்கும். தேயாது.

2. கீறல். கொஞ்சம் பஞ்சை எடுத்து வளையத்துக்குள் நுழைத்து இழுங்கள். பஞ்சு சிக்கினால் அங்கே கீறல் இருக்கிறது. அந்தக் கீறல் தங்கூசியை அறுத்துவிடும். அதை வாங்க வேண்டாம்.

3. கால். சில வளையத்துக்கு ஒரு கால். சிலவற்றுக்கு இரண்டு கால். ஒற்றைக் கால் இலேசானது. மெல்லிய கோலுக்கு ஏற்றது. இரட்டைக் கால் உறுதியானது. பெரிய மீன் கோலுக்கு ஏற்றது.

4. அளவு. கோலுக்கு அடியில் தொங்கும் ரீலில் இருந்து தங்கூசி சுருள் சுருளாக வரும். ஆகவே ரீலுக்கு அருகில் உள்ள வளையம் பெரிதாக இருக்க வேண்டும். நுனியை நோக்கிப் போகப் போகச் சிறிதாக வேண்டும். நுனியில் கனமான வளையம் கட்டினால் கோல் தொங்கும். வீசுவது கடினம்.

எத்தனை வளையம்? எங்கே கட்டுவது?

ஓர் எளிய கணக்கு உண்டு. கோல் எத்தனை அடியோ அத்தனை வளையம். அதோடு ஒரு நுனி வளையம். 7 அடிக் கோலுக்கு 7 + 1 = 8.

நுனிப் பக்கம் கோல் அதிகம் வளையும். அங்கே வளையங்கள் நெருக்கமாக இருக்க வேண்டும். கைப்பிடிப் பக்கம் வளைவு குறைவு. அங்கே இடைவெளி அதிகம் இருக்கலாம்.

7 அடிக் கோலுக்கு மாமா இப்படி அளந்தார். நுனியில் இருந்து 10, 21, 34, 49, 67, 88, 112 சென்டிமீட்டர்.

"இது தொடக்கம்தான். எல்லாக் கோலும் ஒரே மாதிரி வளையாது. வளைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்" என்றார் மாமா.

அவர் வளையங்களை ஒட்டும் நாடாவால் தற்காலிகமாக ஒட்டினார். தங்கூசியை எல்லா வளையத்திலும் நுழைத்தார். அதன் முனையில் ஒரு கிலோ எடைக்கல்லைக் கட்டினார். மருமகன் கோலை மெதுவாகத் தூக்கினான். கோல் வில் போல வளைந்தது.

"தங்கூசியைப் பார். கோலின் வளைவோடு சேர்ந்தே போகிறதா?"

"நடுவில் ஓரிடத்தில் விலகிப் போகிறது மாமா. வில்லின் நாண் மாதிரி நேராக நிற்கிறது."

"அங்கே இடைவெளி அதிகம். பக்கத்து வளையத்தைக் கொஞ்சம் நகர்த்து. போதாவிட்டால் இன்னொரு வளையம் சேர்."

மருமகன் ஒரு வளையத்தை இரண்டு சென்டிமீட்டர் நகர்த்தினான். மீண்டும் தூக்கினான். இப்போது தங்கூசி வளைவோடு ஒட்டிப் போனது. அவன் முகம் மலர்ந்தது.

கட்டும் முறை

1. இழைக் கோலில் ஒரு பக்கம் சற்று விறைப்பாக இருக்கும். கோலின் அடியை வழவழப்பான தரையில் ஊன்றுங்கள். நுனியை உள்ளங்கையில் தாங்குங்கள். நடுவில் மெல்ல அழுத்துங்கள். கோல் தானாக உருண்டு ஒரு நிலையில் நிற்கும். அந்தப் பக்கத்தில் அடையாளம் போடுங்கள். எல்லா வளையமும் ஒரே கோட்டில் வர அது உதவும்.

2. வளையத்தின் கால் நுனியை அரத்தால் தேய்த்து மழுக்குங்கள். கூராக இருந்தால் கோலைக் கீறும்.

3. நைலான் நூலை நெருக்கமாகச் சுற்றுங்கள். கோலில் தொடங்கி வளையத்தின் கால் மேல் ஏறுங்கள். நூலுக்கு நூல் இடைவெளி கூடாது.

4. இரண்டு பாகம் கலக்கும் பசையை, சொன்ன அளவில் கலந்து நூலின் மேல் பூசுங்கள். பசை இறுகும் வரை கோலை மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருங்கள். நிறுத்தினால் பசை ஒரு பக்கம் வடியும்.

5. நுனி வளையத்தை, சூட்டில் உருகும் பசையால் ஒட்டுங்கள். பின்னால் மாற்ற வேண்டுமானால் சூடு காட்டிக் கழற்றலாம்.

உயிருக்குக் காவல்

மாமா குரலைத் தாழ்த்தினார். "மாப்பிள்ளை, இதை மட்டும் மறக்காதே. கார்பன் கோலில் மின்சாரம் பாயும். மின்கம்பிக்கு அடியில் கோலைத் தூக்காதே. வீசாதே. இடி மின்னல் வந்தால் கோலைக் கீழே வைத்துவிட்டுக் கரையை விட்டு விலகு. கோல் வாங்குகிறவர்களுக்கும் இதைச் சொல்."

கோலைத் தேய்க்கும்போது தூள் பறக்கும். மூக்கையும் வாயையும் தூசி முகமூடியால் நன்றாக மூடிக்கொள்ள வேண்டும். கையுறை போட்டுப் பசையைத் தொட வேண்டும்.

கண்ட இடத்தில் தூண்டில் போடக் கூடாது. ஏரி, குளங்களில் மீன் பிடிக்கும் உரிமை குத்தகைக்கு விடப்படுவது உண்டு. குத்தகைக்காரரைக் கேட்க வேண்டும். வனவிலங்குச் சரணாலயத்துக்குள் அனுமதி இன்றி மீன் பிடிப்பது குற்றம். காவிரியில் வாழும் பெரிய மஹசீர் இனம் இன்று அழியும் நிலையில் இருக்கிறது. 2018-ஆம் ஆண்டு உலக அளவிலான அபாயப் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. அந்த மீன் மாட்டினால் தண்ணீரிலேயே முள்ளை எடுத்து விட்டுவிட வேண்டும்.

அம்மாவின் முடிவு

மாலை ஆகிவிட்டது. "இப்போது சொல் தம்பி. பணம் கொடுக்கலாமா?" என்று அம்மா கேட்டார்.

"எல்லாவற்றையும் கொடுக்காதே அக்கா. ஒரு கோலுக்கு மட்டும் கொடு. இவன் அதைக் கட்டட்டும். சித்தப்பா குளத்தில் ஒரு மாதம் மீன் பிடிக்கட்டும். கோல் தாங்கினால் அடுத்த கோல். பிறர் காசு வாங்கும் முன்பு நம் கோலை நாமே சோதிக்க வேண்டும்."

"சரி மாமா. வெறுங்கோல் வாங்க நாளை கடைக்குப் போகிறேன்."

"நானும் வருகிறேன்" என்றார் அம்மா. "கோலில் என்ன எழுதி இருக்கிறது என்று நான் படிக்கிறேன். என் பணம் அல்லவா?"

மூவரும் சிரித்தார்கள்.

தெரிந்துகொள்ளுங்கள்

வெறுங்கோல் – கைப்பிடி, வளையம் மாட்டாத கோல்
தங்கூசி – தூண்டில் நரம்பு
நுனி வளையம் – கோலின் முனையில் உள்ள வளையம்

பதில் சொல்லுங்கள்

1. முதல் முறை தங்கூசி ஏன் அறுந்தது? இரண்டாவது முறை கோல் ஏன் முறிந்தது?
2. 9 அடிக் கோலுக்கு நுனி வளையத்தைச் சேர்த்து எத்தனை வளையம் வேண்டும்?
3. 10 பவுண்டு எத்தனை கிலோ?
4. வளையத்தில் கீறல் இருப்பதை எப்படிக் கண்டுபிடிக்கலாம்?
5. நீங்கள் கடைசியாகப் பணம் கொடுத்து வாங்கிய பொருளை எடுங்கள். அதில் எழுதி இருப்பதைப் படியுங்கள். வாங்கும் முன்பு அதைப் படித்தீர்களா?